சேலத்தில் இருந்தபடி சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாப்பேட்டையிலும் குகையிலும் இரண்டு வகை நெசவாளர்களைப் பார்க்கலாம். ஒருவர் கூலிக்கு நெய்பவர். பாவும் ஊடையும் முதலாளி தருவார், டிசைனும் அவருடையது. வேட்டி தறியை விட்டு இறங்கியதும் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த பாவுக்குக் காத்திருக்க வேண்டும். இன்னொருவர் சொந்த நூல் போட்டு நெய்பவர். விற்றால் லாபம் அவருக்கு, தேங்கினால் கடனும் அவருக்கு. அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொழிலும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மார்வெல், டிசி என்ற இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு வரைவது கூலி நெசவு. சொந்தமாக ஒரு நாயகனை உருவாக்கி வெளியிடுவது சொந்த நூல். இரண்டிலும் பிழைக்கலாம். இரண்டிலும் கை சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

இந்தக் கட்டுரை, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் முகமூடி மனிதர்களை வரைந்து பழகிவிட்டு, இதையே தொழிலாகச் செய்ய முடியுமா என்று கேட்கும் சேலத்துப் பிள்ளைகளுக்காக. முடியும். சென்னைக்கோ நியூயார்க்கிற்கோ குடிபெயர வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உடற்கூறு, பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தையும் அருகையும் தாளில் காட்டும் முறை) என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் யாருடைய தறியில் உட்காருகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் லெட்டரிங், அதாவது காமிக்ஸ் பக்கத்தில் வசனம் போடும் வேலை பார்க்கிறவன். அந்தப் பகுதி மட்டும் சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பழைய கணக்கைப் படியுங்கள்

1938-இல் ஜெர்ரி சீகல் என்ற கதாசிரியரும் ஜோ ஷூஸ்டர் என்ற ஓவியரும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் காசோலை இன்றும் இருக்கிறது. வேறு கதைகளுக்கான கூலியும் சேர்த்து மொத்தம் 412 டாலர். இருவர் பெயரையும் பிழையாக எழுதியிருந்தார்கள். 2012-இல் அந்தத் தாள் மட்டும் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. படைத்தவர்களோ நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கி ஓய்ந்து, 1975-இல், சூப்பர்மேன் திரைப்படம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், பத்திரிகைகளில் கூச்சல் எழுந்த பிறகுதான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் தங்கள் பெயர் அச்சாகும் உரிமையும் பெற்றார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையில் ஒரு கிளை இருக்கிறது. 1980களில் லயன் காமிக்ஸ் வழியாக இங்கே பெரும் புகழ் பெற்ற ஸ்பைடரை நினைவிருக்கிறதா? குற்றவாளிகளின் சக்கரவர்த்தி, கூர் காது, வலைத் துப்பாக்கி, கூடவே எடுபிடியாக இரண்டு பேர்? அது பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் வந்த தொடர். 1960களின் பிற்பாதியில் அதன் பெரும்பகுதியை எழுதியவர் அதே ஜெர்ரி சீகல்தான். சூப்பர்மேனைப் படைத்தவர், பிழைப்புக்காக இன்னொரு நாட்டுப் பத்திரிகைக்குக் கூலிக்கு எழுதினார். அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் இல்லாததால், இங்கே ஸ்பைடரைப் போட்டி போட்டுப் படித்த பையன்களில் எவருக்கும் அது தெரியாது. 1972 முதல் முத்து காமிக்ஸில் தமிழ் பேசிய இரும்புக்கை மாயாவியும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். அவரை அவ்வளவு அழகாக வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர்.

இன்னும் சில பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்வெலின் பாதி உலகத்தை வரைந்து தந்த ஜாக் கிர்பி, தன் கையால் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெற 1980களில் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். ஆயிரக்கணக்கில் வரைந்தவருக்கு 1987-இல் ஏறத்தாழ 2,000 பக்கங்கள் வந்தன. பேட்மேனின் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கர் 1974-இல் இறந்தார்; படைத்தவர் வரிசையில் அவர் பெயர் முறையாகச் சேர்ந்தது 2015-இல். 1992-இல் மார்வெலின் நட்சத்திர ஓவியர்கள் ஏழு பேர் கும்பலாக வெளியேறி இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். படைப்பின் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்பதுதான் அதன் அடிப்படை விதி. இன்றும் அது மாறவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த உதாரணம் ஜிம் ஸ்டார்லின். மார்வெலின் வில்லன் தானோஸைப் படைத்தவர். 2017-இல் அவர் வெளிப்படையாகவே ஒரு கணக்கைச் சொன்னார். டிசிக்காகத் தான் உருவாக்கிய ஒரு சில்லறை வில்லன் ஒரு பேட்மேன் படத்தில் தலைகாட்டியதற்கு டிசி தந்த தொகை, தானோஸ், கமோரா, டிராக்ஸ் மூவரும் மார்வெல் படங்களில் வந்ததற்கு மொத்தமாகக் கிடைத்ததைவிட அதிகம். பிறகு மார்வெலுடன் பேசி நல்ல ஏற்பாட்டுக்கு வந்துவிட்டார் என்பது வேறு விஷயம். ஒரே ஆள், ஒரே கை, ஒரே திறமை. மாறியிருந்தது ஒப்பந்தத்தாள் மட்டும்.

இரண்டாம் படி: பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படங்கள் கோடி கோடியாகச் சம்பாதிப்பதால் காமிக்ஸ் தொழிலும் கொழிக்கிறது என்று எண்ண வேண்டாம். மார்வெலை 2009-இல் டிஸ்னி 400 கோடி டாலருக்கு வாங்கியது பாத்திரங்களுக்காக. மாதாமாதம் அச்சாகும் 20 பக்க இதழ்களுக்காக அல்ல. அந்த இதழ்கள் அமெரிக்காவில் பெரும்பாலும் காமிக்ஸுக்கென்றே உள்ள சிறு கடைகளில் விற்கின்றன. கடைக்காரர் முன்கூட்டியே ஆர்டர் கொடுப்பார். விற்காததைத் திருப்பித் தர முடியாது. அதனால் தெரியாத நாயகனைத் தொடக் கடைக்காரர் பயப்படுவார், பழைய நாயகர்களே திரும்பத் திரும்ப வருவார்கள்.

கால் நூற்றாண்டாக அந்தக் கடைகளுக்கு ஏறக்குறைய எல்லாச் சரக்கையும் அனுப்பிவந்தது டயமண்ட் என்ற ஒரே விநியோக நிறுவனம். 2020-இல் டிசி விலகியது, அடுத்த ஆண்டு மார்வெல் விலகியது, 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் மனு போட்டது. சிறு பதிப்பகங்கள் அதன் கிடங்கில் ஒப்படைத்து வைத்திருந்த புத்தகங்களையே கடனுக்காக விற்கும் முயற்சி நடந்து, அது நீதிமன்றத்தில் பெரிய தகராறானது. உங்களுக்கு இதில் என்ன வந்தது என்றால், உங்களுக்கு வேலை தரப்போவது பெரும்பாலும் அந்தச் சிறு பதிப்பகங்கள்தான். ‘புத்தகம் விற்ற பிறகு தருகிறோம்’ என்று ஒருவர் எழுதினால், யார் வழியாக விற்கிறார்கள், அவர்கள் எப்போது பணம் தருகிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் குற்றம் ஒன்றுமில்லை.

அதே நேரத்தில், அங்குள்ள பெரிய புத்தகக் கடைகளில் விற்பனையை இழுத்துக்கொண்டு போவது ஜப்பானிய மங்காவும் சிறுவர்களுக்கான சித்திரக் கதைகளும். கைப்பேசியில் மேலிருந்து கீழாகத் தள்ளிப் படிக்கும் வெப்டூன் கதைகள் தனி உலகம். அங்கே யாரும் கணக்குத் தொடங்கிக் கதையைப் பதிவேற்றலாம். சூப்பர் ஹீரோ மட்டும்தான் வரைவேன் என்று பிடிவாதம் பிடிக்காதவருக்கு வாசல்கள் அதிகம்.

தமிழில் நிலைமை வேறு. சிவகாசியிலிருந்து லயன், முத்து இதழ்கள் தொடர்ந்து வருகின்றன. பெரும்பாலும் டெக்ஸ் வில்லர் போன்ற ஐரோப்பிய நாயகர்களின் மொழிபெயர்ப்பு. நேரடியாகத் தமிழில் எழுதி வரையப்படும் சூப்பர் ஹீரோ என்பது இன்னும் மிகச் சிறிய சந்தை. இந்தியில் ராஜ் காமிக்ஸ் 1980களின் நடுவிலிருந்து நாகராஜ், துருவா என்று சொந்த நாயகர்களை வளர்த்தெடுத்தது போல இங்கே நடக்கவில்லை. இதை வருத்தமாகவும் பார்க்கலாம், காலி மனையாகவும் பார்க்கலாம்.

மூன்றாம் படி: எந்த வேலை என்று தேர்ந்தெடுங்கள்

அமெரிக்க முறையில் ஒரு பக்கத்தை ஒரே ஆள் செய்வதில்லை. கதாசிரியர் ஸ்கிரிப்ட் எழுதுவார். பென்சில் ஓவியர் வரைவார். நாளுக்கு ஒரு பக்கம் என்பது எதிர்பார்க்கப்படும் வேகம். மையிடுபவர் கோடுகளை உறுதி செய்வார். பிறகு ஃப்ளாட்டிங்: முகம், சட்டை, வானம் என்று ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி நிறத்தால் அடைத்துக் கொடுக்கும் வேலை. அதன்மேல் வண்ணக்காரர் ஒளியும் நிழலும் சேர்ப்பார். கடைசியில் லெட்டரர் வசனம் போடுவார்.

சேலத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவருக்கு எளிதாகத் திறக்கும் கதவுகள் ஃப்ளாட்டிங்கும் லெட்டரிங்கும். ஃப்ளாட்டிங் அலுப்பூட்டும் வேலை, கூலியும் குறைவு, பெயரும் பெரும்பாலும் அச்சாகாது. ஆனால் கைதேர்ந்த ஓவியர்களின் பக்கங்கள் பெரிய அளவில் உங்கள் திரைக்கு வரும். காசு வாங்கிக்கொண்டே பாடம் படிப்பது வேறு எங்கே நடக்கும்? கதாசிரியராக நுழைவதுதான் மிகக் கடினம். ஓவியத்தைப் பதிப்பகத்தின் ஆசிரியர் ஒரு நொடியில் பார்த்து மதிப்பிட்டுவிடுவார். கதையைப் படிக்க அரை மணி நேரம் வேண்டும், அது அவரிடம் இருக்காது.

இந்தியாவிலிருந்து ஆட்கள் நுழைந்திருக்கிறார்கள். 2004-இல் வந்த ஸ்பைடர்மேனின் இந்தியப் பதிப்பை வரைந்தவர் ஜீவன் காங். அந்தப் பவித்ர் பிரபாகர் 2023-இல் ஹாலிவுட் அனிமேஷன் படத்திலும் வந்துவிட்டார். மும்பை ஓவியர் ஆனந்த் ராதாகிருஷ்ணன் 2021-இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது பெற்றார். டிசியில் பேட்மேன் கதைகள் எழுதிய ராம் வி மும்பைக்காரர், பிறகு லண்டனுக்குப் போனவர். ஆதித்ய பிடிகர் புனேயில் இருந்துகொண்டே உலகம் அறிந்த லெட்டரர் ஆனவர். இவர்களில் பெரும்பாலோர் முதலில் சொந்தமாக அல்லது சிறு பதிப்பகங்களில் செய்து காட்டிவிட்டுத்தான் பெரிய கம்பெனிக்குள் போனார்கள்.

நான்காம் படி: ஐந்து பக்கம் வரையுங்கள், சேலத்தை வரையுங்கள்

நாயகன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஒற்றைப் படம் இருபது வைத்திருப்பவருக்கு யாரும் வேலை தருவதில்லை. ஆசிரியர் பார்க்க விரும்புவது தொடர்ச்சியான பக்கங்கள்: ஒரே ஆள் முன்னாலிருந்து, பின்னாலிருந்து, மேலிருந்து பார்த்தாலும் அதே ஆளாகத் தெரிகிறாரா, கைவிரல்கள் சரியா, கால் தரையில் பதிகிறதா, பின்னணி இருக்கிறதா அல்லது புகை போட்டு மறைத்திருக்கிறதா. ஐந்தாறு பக்கம் போதும். அதில் ஒரு பக்கமாவது இரண்டு பேர் உட்கார்ந்து சும்மா பேசும் காட்சியாக இருக்கட்டும். சண்டையை யாரும் வரைவார்கள்.

நியூயார்க்கை வரையாதீர்கள். அதை அங்கிருப்பவர்கள் நன்றாக வரைவார்கள். நம் ஊரில் ஒரு காமிக்ஸ் ஓவியருக்கு வேண்டியது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐந்து ரோட்டின் ஈரடுக்கு மேம்பாலத்தைக் கீழிருந்து பார்த்தால் மூன்று தளத்தில் வாகனங்கள் ஓடும். பெர்ஸ்பெக்டிவ் பழக அதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது. மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்கள் வேற்றுக்கிரகம் போலக் கிடக்கின்றன. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த சந்துகள். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி, நடுவில் நுழையும் பனி. பனியை மையால் வரைவது எப்படி என்று கற்றுக்கொண்டவருக்குப் பாதித் தொழில் கைவந்துவிடும்; எதை வரையாமல் விடுவது என்பதே அதில் கேள்வி.

ஒரு பயிற்சி தருகிறேன், மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் அரசு பஸ், பிரேக் பிடிக்கவில்லை, உங்கள் நாயகி கூரை மேல் இருக்கிறாள். ஒரே பக்கம், ஆறு பேனல், அதாவது ஆறு கட்டம். பார்க்க எளிது. ஆனால் காமிக்ஸில் ஒரு விதி உண்டு: முதல் பேனலில் இடமிருந்து வலமாக ஓடும் வண்டி அடுத்த பேனலில் வலமிருந்து இடமாக ஓடினால், வண்டி திரும்பிப் போகிறது என்றுதான் கண் எண்ணும். கொண்டை ஊசி வளைவில் வண்டி உண்மையிலேயே திரும்பிப் போகிறது! போதாததற்கு, முந்தைய நேர்ப்பாதையில் வலப்பக்கம் இருந்த பள்ளம் வளைவு தாண்டியதும் இடப்பக்கம் வந்துவிடும். வளைவையே ஒரு பேனலில், உயரத்திலிருந்து, முழுதாகக் காட்டாமல் தாண்டிவிட்டால் வாசகர் பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாமல் நின்றுவிடுவார். நின்றுவிட்டால் பயம் போய்விடும். காட்டினால் ஒரு பேனல் செலவாகிறது, மிஞ்சியவை ஐந்து. அந்த ஐந்தில் ஓட்டுநரின் கால், நாயகியின் பிடி, உள்ளே இருக்கும் ஒரு முகம், எதிரே ஏறிவரும் வண்டி எல்லாம் அடங்க வேண்டும். எதை வெட்டுவது? இந்த ஒரு பக்கத்தை நான்கு விதமாகக் கட்டைவிரல் அளவுச் சித்திரங்களாகப் போட்டுப் பாருங்கள். மலையில் இருபது வளைவுகள் இருக்கின்றன, பஸ் டிக்கெட்டும் மலிவு. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு வந்து வரையுங்கள்.

அளவு: அமெரிக்க மூலப் பக்கம் 11-க்கு 17 அங்குல அட்டை, அதற்குள் 10-க்கு 15 அங்குலத்தில் ஓவியம். அந்த அட்டை இங்கே கிடைக்காவிட்டால் ஏ3 தாள் ஏறக்குறைய அதே அளவுதான், தடிமனானதாக வாங்குங்கள். கணினியில் வரைபவர்களுக்குக் கிரிட்டா என்ற மென்பொருள் இலவசம். காசு செலவழிக்கலாம் என்றால் கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட். கறுப்புக் கோட்டுக்கு 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு பேட்மேனை வரையலாம், போர்ட்ஃபோலியோவில் (வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்பில்) வைக்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். அவரை அச்சடித்து விற்பது வேறு. அவர் உங்களுடையவர் அல்ல.

ஐந்தாம் படி: தமிழில் வசனம் போடப் பழகுங்கள்

நல்ல ஓவியத்தைக் கெட்ட லெட்டரிங் ஒரே நாளில் கொன்றுவிடும். ஆங்கில வசன பலூனில் தமிழை அப்படியே திணிக்க முடியாது. ‘காப்பாற்றுங்கள்’ என்ற ஒரே சொல் ஒரு சிறிய பலூனின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அதை உடைக்க வேண்டியிருந்தால் ‘காப்பாற்’ என்று நிறுத்தி அடுத்த வரியில் ‘றுங்கள்’ என்று தொடங்க வேண்டும். மெய்யெழுத்தில் தொடங்கும் வரி கண்ணில் முள்ளாகக் குத்தும். அதைவிட நல்லது, உடைக்காமல் வசனத்தையே சுருக்குவது. எழுதும்போதே ஓவியரிடம் சொல்லி மேல் ஓரத்தில் கூடுதல் இடம் விடச் செய்வது எல்லாவற்றிலும் நல்லது.

தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் கீழே சுழியும் உண்டு. ‘கீ’ இருக்கும் வரிக்கு மேலே ‘கூ’ இருக்கும் வரி வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியைவிடச் சற்று அதிகம் வையுங்கள், எழுத்தையும் ஒரு பிடி பெரிதாக்குங்கள். ஆங்கிலக் காமிக்ஸ் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும்; அழுத்தத்துக்குச் சாய்வெழுத்து போடுவார்கள். தமிழைச் சாய்த்தால் அச்சகத்தில் எதுவோ தவறிவிட்டது போலத் தெரியும். தடித்த எழுத்தே போதும், அதுவும் பலூனுக்கு ஒரு சொல்.

அடோபி மென்பொருள்களில் யூனிகோட் தமிழைத் தட்டினால் சில சமயம் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும். எழுத்துருவில் கோளாறு இல்லை. அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பழைய டி.டி.பி. கடைகளில் இன்னும் பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. அங்கே கோப்பைக் கொடுப்பதற்கு முன் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் வில்லன் கிரந்தமும் சீனமும் கலந்து பேசுவான்.

ஒலிகளை மறக்காதீர்கள். ‘ணங்’, ‘சடசட’, ‘டமால்’, ‘விர்ர்ர்’, ‘களுக்’. இவ்வளவு ஒலிக்குறிப்புகள் வைத்திருக்கும் மொழியில் வரைகிறவர் ‘பூம்’ என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

ஆறாம் படி: கையெழுத்துக்கு முன் படியுங்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி நீங்கள் வரைந்தது வரைந்த நொடியிலிருந்து உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் பதியலாம், ஒரு கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். ஆனால் மாதச் சம்பளத்துக்கு ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து வேலையின் பகுதியாக வரைந்தால், மாற்றாக ஒப்பந்தம் இல்லாதவரை அது நிறுவனத்துடையது.

மாதச் சம்பளத்தில் சேராமல் தனி வேலையாக வரைந்தால், பொதுவாக உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். வாய்ப்பேச்சு செல்லாது. எழுதிக் கொடுத்த தாளில் காலவரை இல்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று இல்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாதவரை, அந்த உரிமை காலாவதியாகும். 57-ஆம் பிரிவு இன்னும் மேலே போகிறது. உரிமையை விற்ற பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும்.

அமெரிக்க ஒப்பந்தம் வந்தால் இந்தப் பாதுகாப்புகளை நம்பி உட்காராதீர்கள். அந்தத் தாள் அந்த நாட்டுச் சட்டத்தின்படிதான் ஓடும். அதில் ‘ஒர்க் ஃபார் ஹயர்’ என்ற சொற்றொடர் இருந்தால் அது கூலித்தறி. சட்டத்தின் கண்ணில் அந்தப் படைப்பின் ஆசிரியரே நிறுவனம்தான். அது பரவாயில்லை, பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை நாளில் பணம், வேலை பாதியில் நின்றால் என்ன, மூலப் பக்கம் யாருக்கு, மறுபதிப்புக்கு ஏதாவது உண்டா, பெயர் அச்சாகுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நீங்கள் புதிதாக உருவாக்கும் பாத்திரம் படத்துக்கோ பொம்மைக்கோ போனால் பங்கு உண்டா என்ற கேள்விதான் ஸ்டார்லினின் இரண்டு கணக்குகளுக்கும் இடையில் இருந்த வேறுபாடு.

‘புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும்’ என்ற வரி இனிமையாகத் தெரியும். 1980களில் ஆலன் மூருக்கும் டேவ் கிப்பன்ஸுக்கும் வாட்ச்மென் என்ற காமிக்ஸுக்கான ஒப்பந்தத்தில் அது இருந்தது. அந்தப் புத்தகம் இன்றுவரை அச்சில் இல்லாமல் போகவே இல்லை. ‘ஆண்டுக்கு இத்தனை பிரதிகளுக்குக் கீழ் விற்றால்’ என்று எண்ணைக் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் பற்றி ஒரு பத்தி. மிட்ஜர்னி என்ற செயலியில் உருவாக்கிய படங்கள் கொண்ட ஒரு காமிக்ஸுக்குக் கொடுத்த பதிவை 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் திருத்தியது: கதையும் அடுக்கிய முறையும் எழுதியவருக்கு, படங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. உங்கள் நாயகனின் முகத்தை இயந்திரத்திடம் வாங்கினால் அந்த முகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு அது இட்டுச்செல்லும். போர்ட்ஃபோலியோவில் ஒன்று இருந்தாலும் ஆசிரியர்கள் மற்றவற்றையும் சந்தேகிப்பார்கள்.

ஏழாம் படி: காட்டுங்கள்

மார்வெலும் டிசியும் கேட்காமல் அனுப்பிய கதைகளைப் படிப்பதில்லை. நீங்களாக ஒரு ஸ்பைடர்மேன் கதை எழுதி அனுப்பினால் அது திறக்கப்படாமலேயே போகும். இமேஜ் நிறுவனம் சொந்தப் படைப்புகளுக்கான திட்டங்களைப் பார்க்கிறது: ஒரு பக்கக் கதைச்சுருக்கம், அட்டை மாதிரி, வசனம் வரை முடிந்த குறைந்தது ஐந்து பக்கங்கள். உரிமை உங்களிடமே இருக்கும், ஆனால் பெரும்பாலும் முன்பணம் வராது. வண்ணக்காரருக்கும் லெட்டரருக்கும் கூலி உங்கள் பையிலிருந்து போகும்.

நேரில் காட்ட, பெங்களூரு காமிக் கான் என்ற காமிக்ஸ் விழா நமக்கு மிக அருகில். சுமார் 200 கிலோமீட்டர், காலையில் பஸ் ஏறினால் மதியம் மேசை முன்னால் நிற்கலாம். சென்னையில் 2024 பிப்ரவரியில் முதன்முறையாக நடந்தது; ஏற்காடு எக்ஸ்பிரஸில் தூங்கிக்கொண்டே போய் இறங்கலாம். கூட்டத்தில் முகமூடி வேடக்காரர்கள்தான் கண்ணில் படுவார்கள். ஓவியர்களின் மேசை வரிசையைத் தேடிப் போங்கள், முதல் நாள் காலையிலேயே போங்கள். மாலையில் அவர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும். பார்த்துக் கருத்துச் சொல்வீர்களா என்று கேட்டுக் காட்டுங்கள், வாதாடாதீர்கள். தமிழ்க் காமிக்ஸ் வாசகர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போங்கள். அங்கே நாற்பது வருடத்து இதழ்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் அண்ணன்கள் வருவார்கள். உங்கள் கதையில் ஓட்டை எங்கே என்று அவர்கள் சொல்வதுபோல எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார்.

எட்டாம் படி: ஒன்றையாவது அச்சிடுங்கள்

24 பக்கம், சென்டர் பின் அடித்தது. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லையென்றால் அச்சகத்தில் சிரிப்பார்கள். முதலில் டிஜிட்டலில் சிறிய அளவில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பிரதிகளுக்கு மேல் போகும்போது சிவகாசி ஆஃப்செட்டை விசாரிக்கலாம். திரையில் பளபளக்கும் நீலம் தாளில் மங்கும், அதனால் ஒரு பக்கமாவது சோதனை அச்சு வாங்குங்கள். வசன எழுத்தை நான்கு நிறமும் கலந்த கறுப்பில் வைக்காமல் தனிக் கறுப்பில் வையுங்கள், அச்சில் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பதிவது சற்று விலகினாலும் எழுத்து கலங்காது. ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம், விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். உள்ளட்டையில் கதாசிரியர், ஓவியர், வண்ணம், லெட்டரிங் என்று எல்லார் பெயரையும் போடுங்கள், ஃப்ளாட்டிங் செய்த தம்பியின் பெயர் உட்பட. நண்பரோடு சேர்ந்து செய்தால் நாயகன் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதுவது சுலபம்.

ஒன்பதாம் படி: பணம் வாங்குங்கள்

வெளிநாட்டு வேலைக்கு இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும்: தேதி, பக்க எண்கள், தொகை, எந்த நாணயம், உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு. அமெரிக்க நிறுவனம் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்கும். நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று உறுதி சொல்லும் தாள் அது; நிரப்பிக் கொடுப்பது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். பணம் வந்ததும் வங்கியிடம் வெளிநாட்டு வரவுக்கான சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வருமான வரித் தாக்கலின்போது ஆடிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார். உள்நாட்டுப் பதிப்பகங்கள் டி.டி.எஸ். பிடித்திருந்தால் அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சொன்ன நாளில் பணம் வரவில்லையென்றால் மறுநாளே ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். அடுத்த ஐந்து பக்கத்தை அனுப்புவதற்கு முன்னால் போடுங்கள், அனுப்பிய பிறகு அல்ல.